பிரெய்ரியில் ஒரு மஞ்சள் பூ: திறவுகோல் வைத்துப் பெயர் கண்டுபிடிக்கும் முறை

ஜூலைக் கடைசியில் அமெரிக்காவின் அயோவாவிலோ இலினாயிலோ உயர்புல் பிரெய்ரி (உயரமான புல் வளரும் சமவெளி) ஒன்றுக்குள் இறங்கினால், சூரியகாந்தி மாதிரியே தோன்றும் மஞ்சள் பூக்கள் நாலைந்து வகையாவது ஒரே நேரத்தில் பூத்திருக்கும். மேலிருந்து ஒரு படம் எடுத்துச் செயலியில் போட்டால் ஏதோ ஒரு பெயர் வரும். அடுத்த படத்துக்கு வேறு பெயர் வரும். செயலியைக் குறை சொல்ல முடியாது. இந்தச் செடிகளைப் பிரிக்கும் அடையாளங்கள் பூவின் முதுகிலும், வயிற்றுக்குள்ளும், தண்டின் அடியிலும் இருக்கின்றன; படத்தில் அவை விழுவதில்லை. தாவரவியல் திறவுகோல் கேட்பதோ அந்த இடங்களைத்தான்.

திறவுகோல் என்பது எதிரெதிரான இரண்டு கூற்றுகள் கொண்ட ஜோடிகளின் வரிசை. ஜோடியில் உங்கள் செடிக்குப் பொருந்தும் கூற்றைத் தேர்ந்தால், அது அடுத்த ஜோடியின் எண்ணைச் சொல்லும், அல்லது பெயரில் கொண்டுபோய் நிறுத்தும். பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் 1778-இல் பிரான்ஸ் நாட்டுச் செடிகளுக்காக வெளியிட்ட நூலில் இந்த முறையைப் பெரிய அளவில் கையாண்டார். இன்றைக்கும் அமைப்பு மாறவில்லை. முறை எளிது. தப்பு நடப்பதெல்லாம் செடியைச் சரியாகப் பார்க்காத இடத்தில்.

கையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு கைலென்ஸ், மில்லிமீட்டர் கோடு போட்ட சிறிய அளவுகோல், புதிய சவரப் பிளேடு, கூர்முனை இடுக்கி, தையல் ஊசி இரண்டு, வெள்ளை அட்டை ஒன்று, பென்சிலும் குறிப்பேடும். இவ்வளவு போதும். 20 மடங்கு லென்ஸ் வாங்கத் தோன்றும், வேண்டாம். பார்வைப் பரப்பு சுருங்கிவிடும், காற்றில் ஆடும் செடியில் குவியமே கிடைக்காது.

லென்ஸைச் செடியின் மேல் நீட்டிப் பிடித்துக் குனிந்து பார்ப்பவர்கள்தான் அதிகம். அப்படிப் பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள், பிடித்த கையின் விரல் கன்னத்தில் ஊன்றி இருக்கட்டும். பிறகு பூவை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 2.5 செ.மீ. தூரத்தில் படீரென்று தெளியும். வெயில் பூவின் மேல் விழ வேண்டும், உங்கள் தொப்பியின் நிழல் விழக்கூடாது.

பறிக்கும் முன்

தேசியப் பூங்கா நிர்வாகத்தின் கீழுள்ள இடங்களில், உதாரணமாகக் கான்சாஸில் 1996-இல் அமைந்த உயர்புல் பிரெய்ரி காப்பிடத்தில், அனுமதியின்றிப் பூப் பறிக்கக் கூடாது. மாநில இயற்கைக் காப்பிடங்களிலும் முதலில் அனுமதி கேளுங்கள். வெண்ணிறக் குஞ்சப்பூ ஆர்க்கிட்டுகளான பிளாட்டாந்தெரா லியூகோஃபியா, பிளாட்டாந்தெரா பிரெக்லாரா இரண்டும் 1989-இலும், மீடு எருக்கு எனத்தக்க அஸ்க்லெபியாஸ் மீடியை என்னும் செடி 1988-இலும் கூட்டாட்சி அரசின் அச்சுறுத்தலுக்குள்ளான இனப் பட்டியலில் சேர்ந்தவை. ஆர்க்கிட் என்று தெரிந்தாலே கையை எடுத்துவிட்டுப் படத்தோடு நில்லுங்கள்.

பறிக்கலாம் என்ற இடத்திலும், அந்தச் செடி சுற்றுவட்டத்தில் இருபதாவது இருந்தால்தான் ஒரு பூத்தலையையும் ஓர் இலையையும் எடுப்பது நல்லது. ஈரக் காகிதத்தில் சுற்றி நெகிழிப் பையில் போட்டால் மாலை வரை வாடாது.

குடை விரித்த மாதிரி மஞ்சள் பூங்கொத்து உள்ள செடி பாதையோரத்தில் நின்றால், கையுறை இல்லாமல் ஒடிக்காதீர்கள். காட்டுப் பார்ஸ்னிப்பாக இருக்கலாம். அதன் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளித்துப் புண்ணாகும்.

செடியின் அருகிலேயே எழுதிக்கொள்ள வேண்டியவை

நூலைத் திறப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். திறவுகோலின் கேள்வியைப் படித்துவிட்டுச் செடியைப் பார்த்தால், கண்ணுக்கு வேண்டிய பதில்தான் தெரியும்.

தண்டில் தொடங்குங்கள். உருண்டையா சதுரமா, வழவழப்பா ரோமமா, ரோமம் படிந்திருக்கிறதா குத்திட்டு நிற்கிறதா. இலை எதிரெதிரா, மாற்றி மாற்றியா, ஒரே கணுவில் மூன்றுக்கு மேலா? இதைத் தண்டின் அடி, நடு, உச்சி என மூன்று இடத்திலும் தனித்தனியாகக் குறியுங்கள். சூரியகாந்திப் பேரினத்தில் அடியில் எதிரிலையும் உச்சியில் மாற்றிலையுமாக இருப்பது சகஜம். உச்சியை மட்டும் பார்த்து எழுதியவர் வேறு பேரினத்துக்குப் போய்விடுவார். மான் கடித்தோ புல் வெட்டியோ மறுபடி கிளைத்த செடியாக இருந்தால் அதை விட்டுவிட்டு முழுச் செடியைத் தேடுங்கள்.

ஓர் இலையைக் கிள்ளி, பால் வடிகிறதா, வடிந்தால் என்ன நிறம், கசக்கினால் மணம் உண்டா என்று பாருங்கள். வேரடி இலைகள் தனியாக இருக்கின்றனவா? புல்லை விலக்கிப் பார்த்தால்தான் அவை தெரியும், பலரும் விடுவது இதைத்தான். பிறகு பூ. கடைசியாக, காய் பழுத்த பழைய தலை ஒன்று அதே செடியிலோ பக்கத்துச் செடியிலோ கிடைக்குமா என்று தேடுங்கள். பாதி நேரம் தீர்ப்பு காயில்தான் இருக்கிறது.

அளவு எடுக்கும்போது ஒரே இலையை அளக்காதீர்கள். நடுத்தண்டிலிருந்து ஐந்து இலைகளை அளந்து, சிறியதையும் பெரியதையும் எழுதுங்கள். செடியின் உயரத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். போன வசந்தத்தில் தீ வைத்த நிலமா, மழை பெய்ததா என்பதைப் பொறுத்து அது பாதியாகும், இரட்டிக்கும்.

திறவுகோலின் மொழி

இரண்டு கூற்றையும் முழுசாகப் படித்த பிறகே முடிவு செய்யுங்கள். முதல் கூற்று பொருந்துகிறதே என்று கிளம்பிவிட்டால், இரண்டாவது இன்னும் நன்றாகப் பொருந்துவது தெரியாமலே போகும். ஒரு கூற்றில் மூன்று நான்கு பண்புகள் இருந்தால், பொதுவாக முதலில் இருப்பதே ஆசிரியர் அதிகம் நம்பும் பண்பு. மற்றவை துணைக்கு வருபவை. "பெரும்பாலும்" என்ற சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். விதிவிலக்கு உண்டு என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இலை (4–)6–12(–18) செ.மீ. என்று போட்டிருந்தால், வழக்கமான அளவு 6 முதல் 12 வரை, அபூர்வமாக 4 வரை குறையும், 18 வரை போகும் என்று பொருள். உங்கள் அளவு அடைப்புக்குள் விழுந்தால் அந்தப் பாதை தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

எந்த ஜோடியில் எதைத் தேர்ந்தீர்கள் என்று "1ஆ, 4அ, 9ஆ?" எனக் குறித்துக்கொண்டே போங்கள். கேள்விக்குறி போட்ட இடம்தான், பெயர் பொருந்தாதபோது திரும்பிப் போக வேண்டிய இடம்.

முதல் ஜோடிகளில் விழும் குழிகள்

தவறான பெயருக்குப் போனவர்களின் குறிப்பை வாங்கிப் பார்த்தால், சறுக்கல் பெரும்பாலும் கடைசி ஜோடியில் இருக்காது. குடும்பத்தைத் தீர்மானிக்கும் முதல் நான்கைந்து ஜோடிகளிலேயே இருக்கும். பிரெய்ரியில் அப்படி வழுக்கும் செடிகள் கொஞ்சம் அதிகம்.

முதலாவது, பன்னிரண்டு இதழ் உள்ள ஒரு பூ என்று நீங்கள் எண்ணியது பல சிறு பூக்கள் சேர்ந்த சிரமஞ்சரியாக (பூத்தலையாக) இருப்பது. ஓர் "இதழை" அடியோடு பிடுங்கி லென்ஸில் பாருங்கள். அதன் அடியில் தனியாக ஒரு குட்டிச் சூற்பை இருந்தால் அது ஒரு முழுச் சிறுமலர். செடி சூரியகாந்திக் குடும்பம். இதழ் எண்ணிக்கை கேட்கும் ஜோடிக்கு உங்கள் பதில் பன்னிரண்டு ஆகாது. நடுவிலுள்ள ஒரு சிறுமலரை எடுத்து அதன் பற்களை எண்ணுங்கள், ஐந்து வரும்.

எரிஞ்சியம் யுக்கிஃபோலியத்தின் இலை நீண்டு, இணைநரம்போடு, தாழையை நினைவூட்டும் முள்ளோரத்தோடு இருக்கும். ஒருவித்திலைத் தாவரம் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் அது கொத்தமல்லிக் குடும்பம். அந்த வெள்ளைப் பந்திலிருந்து ஒரு பூவைப் பிரித்தால் ஐந்து மகரந்தத்தாள், கீழ்மட்டச் சூற்பை, இரண்டு சூலகத்தண்டு. இலைநரம்பும் பூவின் எண்ணும் முரண்பட்டால் பூவின் எண்ணை நம்புங்கள்.

யூஃபோர்பியா கொரொலேட்டாவில் ஐந்து வெள்ளை இதழ் அழகாகத் தெரியும். அவை இதழே அல்ல, கிண்ணம் போன்ற பூந்தொகுதியின் விளிம்புச் சுரப்பிகளில் முளைத்த தொங்கல்கள். தண்டை ஒடித்தால் வரும் பாலும், நடுவில் காம்போடு எட்டிப் பார்க்கும் மூன்று பிளவுச் சூற்பையும் காட்டிக்கொடுக்கும். பால் என்றதும் எருக்குக் குடும்பத்துக்கு ஓட வேண்டாம். அந்தக் குடும்பத்தின் ஆரஞ்சுப் பூக்காரியான அஸ்க்லெபியாஸ் டியூபரோசாவில் பாலே வராது, இலையும் மாற்றமைவு. பால் வரும், எதிரிலை என்று திறவுகோல் பொதுப்படையாகச் சொல்லும் இடத்தில் இந்தச் செடி வெளியே விழுந்துவிடும்.

டேலியா பர்பூரியா பயறுக் குடும்பம்தான், ஆனால் அவரைப்பூ வடிவத்தை அதில் தேடினால் கிடைக்காது. விரலுறை போன்ற கதிரில் கீழிருந்து வளையமாகப் பூ ஏறும். ஐந்து மகரந்தத்தாள் மட்டும். ஒடுங்கிய சிற்றிலைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சுரப்பிப் புள்ளிகள் தெரியும்.

சூற்பை மேல்மட்டமா கீழ்மட்டமா என்ற கேள்வி எல்லாக் குடும்பத் திறவுகோலிலும் வரும், ஊகத்தில் பதில் சொல்லாதீர்கள். பூவைக் காம்போடு அட்டையில் கிடத்தி, காம்பிலிருந்து மேல்நோக்கி நட்டநடுவே பிளேடால் பிளந்துவிடுங்கள். இதழ்கள் ஒட்டியிருக்கும் இடத்துக்கு மேலே சூற்பை உட்கார்ந்திருந்தால் மேல்மட்டம், அதற்குக் கீழே புடைத்திருந்தால் கீழ்மட்டம். ஈனோத்தெரா பையென்னிஸ், அந்த அந்தி மஞ்சள் பூ, இதில் நன்றாக ஏமாற்றும். பூவுக்குக் கீழே காம்பு என்று நினைப்பது நீண்ட பூக்குழல். சூற்பை அதற்கும் கீழே, இலைக்கக்கத்தோடு ஒட்டி இருக்கிறது. நான்கு இதழ், எட்டு மகரந்தத்தாள், சிலுவை போலப் பிரிந்த சூலகமுடி என்று எண்ணிவிட்டால் சந்தேகமில்லை.

மஞ்சள் பூவைக் கிட்டத்தில் பார்த்தல்

தொடக்கத்தில் சொன்ன மஞ்சள் தலைக்கு வருவோம். கதிர்ச் சிறுமலர் (ஓரத்தில் இதழ் போல நீண்டிருக்கும் சிறுமலர், சுருக்கமாகக் கதிர்) கொண்ட ஒரு தலையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, அட்டையில் வெட்டுமுகம் மேலே தெரியும்படி வையுங்கள். நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

வெளியே சூழ்ந்த பச்சைப் பூவடிச் செதில்கள்: எத்தனை அடுக்கு, எல்லாம் ஒரே மாதிரியா? சிறுமலர்கள் உட்கார்ந்திருக்கும் நடுத் தளம்: தட்டையா, கூம்பா, தூணா? தளத்தில் சிறுமலர்களுக்கு நடுவே உமி போன்ற பூத்தளச் செதில்கள் உண்டா? ஊசியால் நான்கைந்து சிறுமலரைக் கிளப்பி எறிந்தால் செதில் இருந்தால் நின்றுவிடும். கடைசியாக, ஓரத்துக் கதிர் ஒன்றின் குழாய் அடியைக் கீறிப் பாருங்கள்: இரண்டாகப் பிளந்த மஞ்சள் நாக்கு போல ஒரு சூலகத்தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறதா, வெறுமையா? இந்தக் கடைசிப் பார்வைக்குத்தான் லென்ஸ். பழைய பூவில் சூலகத்தண்டு உதிர்ந்திருக்கும், ஆகவே அன்றைக்கு விரிந்த தலையாகப் பாருங்கள். இரண்டு மூன்று கதிரில் சோதியுங்கள்.

உயர்புல் பிரெய்ரியில் அடிக்கடி குழம்பும் ஏழு பேரினங்களுக்கு மட்டும் ஒரு சிறு திறவுகோல். பொன்கோல் மாதிரிச் சிறுதலைச் செடிகளுக்கு இது பொருந்தாது.

1அ. தளத்தில் பூத்தளச் செதில் இல்லை. கதிரின் நுனி மூன்றாகப் பிளந்தது — ஹெலினியம்
1ஆ. பூத்தளச் செதில் உண்டு — 2
2அ. கதிர்ச் சிறுமலரில் சூலகத்தண்டு உண்டு — 3
2ஆ. கதிர்ச் சிறுமலரில் சூலகத்தண்டு இல்லை — 4
3அ. காய் ஓர வட்டத்தில் மட்டும், தட்டையாக, சிறகோடு. நடுச் சிறுமலரின் சூலகத்தண்டு பிளவுபடாதது — சில்ஃபியம்
3ஆ. நடுவிலும் காய் பிடிக்கும், சிறகு இல்லை; காய்ந்த கதிர் காயிலேயே ஒட்டி நிற்கும் — ஹீலியாப்ஸிஸ்
4அ. பூவடிச் செதில் இருவகை: வெளியே ஒடுங்கிய பச்சை, உள்ளே அகன்ற சவ்வு — கோரியாப்சிஸ்
4ஆ. பூவடிச் செதில்கள் ஏறத்தாழ ஒரே வகை — 5
5அ. கீழிலைகளாவது எதிரமைவு, தளம் தட்டை அல்லது சற்றே குவிந்தது — ஹீலியாந்தஸ் (சூரியகாந்தி)
5ஆ. இலைகள் எல்லாம் மாற்றமைவு. தளம் கூம்பு அல்லது தூண் — 6
6அ. காய் தட்டை, இலை சிறகாகப் பிளந்தது, நடுமேட்டைக் கசக்கினால் சோம்பு மணம் — ரட்டிபிடா
6ஆ. காய் நாற்கோணம், அந்த மணம் இல்லை — ருட்பெக்கியா

2-ஆம் ஜோடிதான் இதில் உயிர். ஹீலியாப்ஸிஸை "பொய்ச் சூரியகாந்தி" என்று அழைப்பதற்குக் காரணம், வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஹீலியாந்தஸின் கதிர் மலடு, தேனீயைக் கூப்பிடும் விளம்பரப் பலகை மட்டும். ஹீலியாப்ஸிஸின் கதிரோ விதை பிடிக்கும்; அதனால்தான் செப்டம்பரிலும் வெளுத்த காகிதம் போலத் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூ முடிந்த பருவத்தில் லென்ஸ் இல்லாமலே இதை வைத்துப் பிரித்துவிடலாம்.

சில்ஃபியத்துக்கு வந்துவிட்டால் சிற்றினம் இலையிலேயே முடியும். எதிரிலைகள் அடியில் கூடித் தண்டைச் சுற்றிக் கிண்ணமாகி மழைநீர் தேங்கினால், தண்டும் சதுரமாக இருந்தால், சில்ஃபியம் பெர்ஃபோலியேட்டம். ஆழமாகப் பிளந்த பெரிய வேரடி இலை செங்குத்தாக நின்று வடக்கு தெற்காக விளிம்பு காட்டினால் லாசினியேட்டம், திசைகாட்டிச் செடி. பிளவில்லாத பெரிய வேரடி இலையும் அநேகமாக மொட்டைத் தண்டும் என்றால் டெரிபிந்தினேசியம்.

ஹீலியாந்தஸுக்கு வந்தவர்கள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பேரினம் கலப்பினங்களுக்குப் பேர்போனது. தண்டு வழவழப்பாக, வெண்பொடி பூசினாற்போல் இருந்தால் குரோஸ்ஸெசெராட்டஸ். ரோமம் அடர்ந்த தண்டும், நெடுக்காக மடிந்து அரிவாளாய் வளைந்த இலையும் என்றால் மாக்சிமிலியானி. நடுவட்டம் கருஞ்சிவப்பாக, இலை தடித்து எதிரமைவாக இருந்தால் பாசிஃப்ளோரஸ். இவற்றில் ஏதாவது இரண்டுக்கு நடுவே நிற்கும் செடி கிடைத்தால் பேரினத்தோடு நிறுத்திக் குறிப்பில் எழுதிவிடுவது கெட்டிக்காரத்தனம்.

மற்ற சில முடிச்சுகள்

லியாட்ரிஸ்: ஊதாக் கதிர். முதலில் பாப்பஸைப் பாருங்கள், அதாவது காயின் உச்சியில் உள்ள மயிர்க்கற்றையை. ஒவ்வொரு மயிரும் இறகு போலப் பக்கமயிர் விட்டிருந்தால் சிலிண்ட்ரேசியாவும் பங்டேட்டாவும் இருக்கும் கூட்டம். ரம்பம் போலச் சின்னச் சின்னப் பற்கள் மட்டும் என்றால் அஸ்பெராவும் பிக்னோஸ்டாக்கியாவும் இருக்கும் கூட்டம். பிறகு பூவடிச் செதில்: உருண்டு, ஓரம் சுருங்கிய சவ்வாக இருந்தால் அஸ்பெரா; கூர்நுனி வெளியே வளைந்தால் பிக்னோஸ்டாக்கியா. கதிரின் நடுப்பகுதித் தலையைப் பாருங்கள்.

எக்கினேசியா: பாலிடாவின் மகரந்தம் வெள்ளை, ஓரக் கதிர் 4 முதல் 9 செ.மீ. நீண்டு தொங்கும். அங்கஸ்டிஃபோலியாவின் மகரந்தம் மஞ்சள், கதிர் 4 செ.மீ.க்குள். புதுப்பூவைக் கருப்புத் துணியில் தட்டினால் நிறம் உடனே தெரியும். அகன்ற இலையுள்ள பர்பூரியா தோட்டத்திலிருந்தும் விதைக் கலவையிலிருந்தும் வந்து மீட்டெடுத்த பிரெய்ரிகளில் குடியேறியது, ஆகவே பரவல் வரைபடத்தை வைத்து மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது.

வசந்த காலத்து மஞ்சள் குடைகளில் ஸீஸியாவையும் தாஸ்பியத்தையும் பிரிக்க எளிய வழி, சிறுகுடை ஒன்றை எடுத்து நட்டநடுப் பூவைப் பார்ப்பது. அதற்குக் காம்பே இல்லையென்றால் ஸீஸியா. எல்லாப் பூவுக்கும் காம்பு இருந்தால் தாஸ்பியம். தாஸ்பியத்தில் பிறகு வரும் காயிலும் சிறகு இருக்கும்.

நூலும் பழைய பெயர்களும்

உங்கள் மாநிலத்துக்கோ வட்டாரத்துக்கோ எழுதிய திறவுகோல் கிடைத்தால் அதையே எடுங்கள். கண்டம் முழுவதற்குமான வட அமெரிக்கத் தாவரத் தொகுதி, 1993 முதல் வெளிவருவது, சூரியகாந்திக் குடும்பத்தை மட்டும் 2006-இல் மூன்று தொகுதிகளாகக் கொடுத்தது. இணையத்தில் இலவசம். ஆனால் உங்கள் வட்டாரத்தில் இல்லாத செடிகளும் அதில் வரிசையில் நிற்பதால் ஜோடிகள் கூடும், சறுக்கும் வாய்ப்பும் கூடும். நாட்டின் மறுமுனைக்கு எழுதிய திறவுகோலைப் பயன்படுத்தினால் வேறு ஆபத்து: உங்கள் செடி அதில் இல்லவே இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு பெயரில் கொண்டுபோய் விடும்.

பழைய நூலில் வந்த பெயர் இன்றைய பட்டியலில் இல்லையென்றால் பதற வேண்டாம். அங்கே ஆஸ்டர் நோவெ-ஆங்கிலியே என்று இருப்பது இப்போது சிம்ஃபியோட்ரைக்கம் நோவெ-ஆங்கிலியே. செடி அதேதான்.

பெயர் வந்த பிறகு

திறவுகோல் பெயர் சொன்னதும் வேலை முடியவில்லை. அந்தச் சிற்றினத்தின் முழு விவரணையை எடுத்து, செடியின் அருகில் எழுதிய குறிப்போடு வரி வரியாக ஒப்பிடுங்கள். திறவுகோல் கேட்காத பண்புகள் பொருந்துகின்றனவா என்பதில்தான் உண்மையான சோதனை இருக்கிறது. பூக்கும் மாதம், ஈரநிலமா மணல்மேடா, மாவட்டப் பரவல் வரைபடம், மூன்றையும் பாருங்கள். இரண்டுக்கு மேல் முரண்பட்டால் கேள்விக்குறி போட்ட ஜோடிக்குத் திரும்பி மறுபாதையில் போங்கள்.

ஒரு ஜோடியில் இரண்டு கூற்றும் பொருந்துவது போலத் தோன்றினால், அல்லது தேவைப்படும் காய் கையில் இல்லையென்றால், இரண்டு பாதையிலும் போய்ப் பாருங்கள். ஒன்று சில ஜோடிக்குள் அபத்தமாகிவிடும். மரம், நீர்த்தாவரம் என்று பேச ஆரம்பிக்கும். இரண்டும் நியாயமாகவே போனால், கடைசியில் கிடைக்கும் இரண்டு விவரணைகளையும் அருகருகே வைத்து, இன்னும் எந்த உறுப்பு வேண்டும் என்று எழுதிக்கொண்டு, செடியின் இடத்தைக் குறித்துவிட்டு, காய் பழுக்கும் நான்கைந்து வாரம் கழித்து மறுபடி போங்கள்.